குழிக்கு இருபது மீட்டர்

டீக்கடையில் டீ சொன்னால்கூட அந்தப் பெண் சொல்லிவிட்டு வந்து உட்கார மாட்டாள். அங்கேயே நிற்பாள். "திருப்பிச் சொல்லுங்க மாஸ்டர்" என்பாள். பாகூரில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே இருந்த அந்தக் கடைக்காரருக்கு முதலில் கோபம்தான் வந்தது. போகப்போக அவரே அதை விளையாட்டாக்கிக்கொண்டார்.

"அஞ்சு டீ. ஒண்ணு சக்கர கம்மி. ஒண்ணு ஸ்ட்ராங்கு. ஒனக்கு ஒரு மாப்ள. சரியாம்மா?"

"கடைசி அயிட்டம் கேன்சல்" என்று சொல்லிவிட்டுத்தான் வந்து உட்காருவாள்.

நாங்கள் நாலு பேர் பள்ளம் தோண்டுகிறவர்கள். ரோட்டோரம் தோண்டி, குழாய் புதைத்து, அதற்குள் இன்டர்நெட் கேபிள் விடுகிற வேலை. இருக்கிறவர்களில் நான்தான் பழைய ஆள். ஏழாம் வகுப்போடு நின்றவன். கேபிள் விடுவதும், ரோடு அளக்கிற சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு நடப்பதும் என் வேலை. அவள் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், காட்டேரிக்குப்பத்துப் பெண். பாலிடெக்னிக் படித்துவிட்டு, ரெண்டு வருசம் திருக்கனூரில் ஒரு செல்போன் கடையில் கவர் விற்றுக்கொண்டு இருந்துவிட்டு, எங்கள் கான்ட்ராக்டரிடம் வந்து சேர்ந்தாள். காலையில் ரெண்டு பஸ் மாறி வருவாள். கேபிள் அறுந்தால் அறுந்த இடத்தைக் கண்டுபிடித்து ஒட்டுவது அவள் வேலை.

ஒட்டுவதை நான் பல பேர் செய்து பார்த்திருக்கிறேன். கண்டுபிடிப்பதை அவளைப் போல யாரும் செய்து பார்த்ததில்லை. அவளிடம் ஒரு மெஷின் உண்டு. பெரிய டிபன் பாக்ஸ் அளவு. கேபிளுக்குள் இருப்பது மயிர் மாதிரி கண்ணாடி. அதன் ஒரு முனையில் மெஷினை மாட்டினால் அது துளி வெளிச்சத்தை உள்ளே விடும். வெளிச்சம் ஓடிப்போய், கண்ணாடி எங்கே உடைந்திருக்கிறதோ அங்கே முட்டி, கொஞ்சம் திரும்பி வரும். போய்விட்டு வர எவ்வளவு நேரம் ஆனது என்று மெஷின் பார்க்கும். வெளிச்சம் என்ன வேகத்தில் போகும் என்பது தெரிந்த விஷயம். நேரமும் வேகமும் தெரிந்தால் தூரம் தெரிந்துவிடும். "ஆயிரத்து நானூறு மீட்டர்ல உடைஞ்சிருக்கு" என்று அவள் சொல்ல, நான் சக்கரத்தை அந்தத் தூரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய் நிற்பேன்.

இது எனக்கு ஒரே நாளில் புரியவில்லை. வெளிச்சத்துக்கு வேகம் உண்டு என்பதே எனக்குப் புதுசு. சுவிட்ச் போட்டால் பல்பு எரிகிறது, அதிலே என்ன வேகம் என்றேன். வெறும் வெளியில் ஒரு செகண்டுக்கு மூணு லட்சம் கிலோமீட்டர் போகும், கண்ணாடிக்குள் சுணங்கி ரெண்டு லட்சம்தான் போகும் என்று சொன்னாள். நான் கண் சிமிட்டுவதற்குள் வில்லியனூருக்கும் பாகூருக்கும் நூற்றுக்கணக்கான தடவை போய் வந்துவிடுமாம். எனக்கு அந்தப் பஸ்ஸில் ஒரு தடவை போய் வந்தாலே இடுப்பு விட்டுப்போகும்.

அவளுக்கு எதிலும் போவது கணக்கில்லை. திரும்பி வந்தால்தான் கணக்கு. எங்களில் ஒருத்தரிடம் ஒன்று சொன்னால் அவர் வாயால் அது திரும்பி வரும்வரை நகர மாட்டாள். "கேட்டுச்சு போ" என்றால் போதாது. கேட்டதைச் சொல்ல வேண்டும். அவள் இல்லாதபோது எங்கள் ஆட்கள் அவளைப் போலவே நின்று காட்டிச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

ஒரு நாள் சித்திரை வெயிலில் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தோம். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தவள், இப்போது நம்மேல் அடிக்கிற வெயில் எட்டு நிமிசத்துக்கு முன்னால் சூரியனிலிருந்து கிளம்பியது என்றாள். எங்கள் ஆள் ஒருத்தன் கடப்பாரையை நட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"அப்போ இப்போ சூரியன் அணைஞ்சிடுச்சின்னா நமக்குத் தெரியாதா?"

"எட்டு நிமிசத்துக்குத் தெரியாது."

"அந்த எட்டு நிமிசமும் வேல செய்யணுமா?"

"கான்ட்ராக்டர் நின்னாருன்னா அதுக்கப்புறமும் செய்யணும்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் ஒரு வாரம் அது மனசை விட்டுப் போகவில்லை. சாப்பிடும்போது வாசலில் விழுகிற வெயிலைப் பார்ப்பேன். இது பழசு, இந்நேரம் அங்கே என்ன ஆச்சோ என்று நினைப்பேன். என் பெண்சாதி, சோத்தைப் பார்த்துத் தின்னுய்யா என்பாள்.

நான் அப்படித்தான். பயந்தவன். என் பெண் பள்ளிக்கூடம் விட்டு வர பத்து நிமிசம் தாமதமானால் வாசலுக்கும் தெருவுக்கும் நடப்பேன். போன் அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம். இதை அவள் வேலைக்கு வந்த ஒரு மாசத்தில் கண்டுபிடித்துவிட்டாள். ஒரு தடவை என் அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார் என்று தகவல் வந்து, நான் கேபிளைக் கையில் பிடித்தபடி வேலையை விட்டு உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மெஷின் காட்டுகிற நேரம் போகிறதுக்கும் வருகிறதுக்கும் சேர்த்து, அதில் பாதியைத்தான் தூரமாக எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் டபுளாகத் தெரியும் என்றாள்.

"நீங்களும் போயிட்டுத் திரும்பி வர்றீங்கண்ணா. நடக்காததுக்குப் போயி, நடந்துடுச்சின்னு திரும்பி வர்றீங்க. பாதியக் கழிச்சிடுங்க."

அண்ணனுக்கு வெறும் வயிற்று வலிதான். ஆனால் பாதியைக் கழிக்க எனக்கு வரவில்லை. கழிக்கக் கற்றுக்கொண்டிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

மழை நாளிலும் அவளுக்கு அதே புத்திதான். கரும்புக் கொல்லைப் பக்கம் மின்னல் வெட்டியபோது நாங்கள் வண்டிக்குள் ஓடினோம். அவள் விரலை மடக்கி எண்ணினாள். வெளிச்சம் வெட்டின உடனே வந்துவிடும், சத்தம் மெதுவாக வரும், மூணு எண்ணினால் ஒரு கிலோமீட்டர் என்றாள். ஒன்பது எண்ணிய பிறகுதான் இடி கேட்டது. மூணு கிலோமீட்டர் தள்ளித்தான் விழுந்திருக்கு, பயப்படாதீங்க என்றாள். அடுத்தது நம்மேல் விழுந்தால் என்று கேட்டேன்.

"விழுந்தா எண்ண வேண்டிய வேலையே இல்லண்ணா."

அவள் சிரித்தாள். நான் வண்டிக்குள் இன்னும் தள்ளி உட்கார்ந்தேன்.

இனி குழி விஷயத்துக்கு வர வேண்டும். அதைச் சொல்லாமல் அவளைப் பற்றி மட்டும் சொல்லிக்கொண்டு போனால் நான் நல்லவன் மாதிரி தெரிவேன்.

கேபிள் போகிற வழியில் இருநூறு மீட்டருக்கு ஒரு குழி இருக்கும். சிமெண்டில் கட்டி, மேலே மூடி போட்டு, மூடிக்கு மேல் ஒரு சாண் மண் தள்ளிவிடுவோம். ஒவ்வொரு குழிக்குள்ளும் கொஞ்சம் கேபிளைச் சும்மா சுற்றி வைக்க வேண்டும். நாளைக்கு எங்காவது அறுந்தால் இழுத்து ஒட்ட உதவும். குழிக்குப் பத்து மீட்டர் என்பது கணக்கு. பேப்பரிலும் அப்படித்தான் இருக்கும்.

ஏரிக்கரை ரோட்டில் அந்த லைனைப் போட்டவன் நான். நான் பத்து வைக்கவில்லை. பத்து போதாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று பயம். ரெண்டு இடத்தில் ஒரே நேரத்தில் அறுந்தால்? லாரி ஏறி இழுத்துவிட்டால்? அப்போது என்னைத்தானே கேட்பார்கள்? அதனால் யாரும் பார்க்காதபோது குழிக்கு இருபது மீட்டர் சுற்றி வைத்தேன். எல்லாக் குழியிலும். கேபிள் சுற்றி வருகிற உருளை சீக்கிரம் தீர்ந்துபோய், கான்ட்ராக்டர் இன்னோர் உருளை வாங்கினார். எங்கேயோ வீணாகிறது என்று எல்லாரையும் சத்தம் போட்டார். நானும் நின்று வாங்கிக்கொண்டேன். அவள் அப்போது வேலைக்கு வந்திருக்கவில்லை.

அவள் வந்த பிறகு அந்த லைன் முதல் தடவை அறுந்தபோது, அவள் சொன்ன இடத்தில் தோண்டினோம், கேபிள் நன்றாக இருந்தது. நூறு மீட்டர் பின்னாடி, வந்த வழியிலேயே எலி கடித்திருந்ததை, குழாய் வெளியே தெரிகிற இடத்தில் எங்கள் ஆள் ஒருத்தன் தற்செயலாகப் பார்த்துவிட்டான். கான்ட்ராக்டர், எலிக்குத் தெரிஞ்சது படிச்சவங்களுக்குத் தெரியல என்றார். அன்றைக்கு அவள் பஸ்ஸில் ஏறும்வரை மெஷினின் புஸ்தகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

கண்ணாடிக்குள் வெளிச்சம் போகிற வேகத்தை மெஷினில் நாம்தான் எண்ணாகப் போட வேண்டும். ஒவ்வொரு கம்பெனிக் கண்ணாடிக்கும் அது துளி மாறும். அந்த எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று அவளுக்குச் சந்தேகம். கேபிள் செய்கிற கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டாள், அவர்களையும் திருப்பிச் சொல்ல வைத்தாள். எண் சரியாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு என்னிடம் வந்தாள்.

"அண்ணா, குழிக்கு எத்தன மீட்டர் சுத்தி வச்சீங்க?"

"பத்து."

"திருப்பிச் சொல்லுங்க."

"பத்துதாம்மா."

ரெண்டு தடவை சொன்னேன். அவளுக்கு அது போதும். மெஷின் சொல்வதில் குழிக்குப் பத்து என்று கழித்துத்தான் ரோட்டுத் தூரத்தைச் சொல்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வெளிச்சம் நம்மைப் போல ரோட்டில் நேராகப் போகாது, குழிக்குள் இருக்கிற சுருளையும் சுற்றிவிட்டுத்தான் வெளியே வரும் என்று அவளே சொன்னாள். நான் வைத்தது குழிக்குப் பத்து அதிகம், பத்துக் குழிக்கு நூறு மீட்டர். எலி கடித்த இடத்துக்கும் அவள் சொன்ன இடத்துக்கும் நடுவே கிடந்தது என் சுருள். தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அவள், தானே குழியைத் தப்பாக எண்ணியிருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டாள்.

மழைக்காலம் முடிகிற சமயம் அந்த லைன் மறுபடி போனது. ஏரிக்கு அந்தப் பக்கம் நாலு ஊருக்கு இன்டர்நெட் இல்லை. பேங்கில் சத்தம், பள்ளிக்கூடத்தில் சத்தம். கான்ட்ராக்டருக்கு மேலிடத்திலிருந்து போன் மேல் போன். வண்டியை விட்டு இறங்கும்போதே அவளைப் பார்த்துச் சொன்னார்.

"இன்னாமா, இன்னிக்கும் ஜோசியம்தானா? அஞ்சு மணிக்குள்ள லைன் வரணும். நீ சொல்ற எடத்துல இல்லன்னா மெஷின வச்சிட்டு வூட்டுக்குப் போயிடு."

அவளுக்கு அது வெறும் சம்பளம் இல்லை. பொண்ணு கையில் மெஷினைத் தர ஒருத்தரும் ஒத்துக்கொள்ளவில்லை, இவர்தான் முதலில் தந்தார் என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். இங்கிருந்து போனால் மறுபடி செல்போன் கவர்தான்.

மெஷின் மூவாயிரத்து அறுநூற்று நாற்பது என்றது. வழியில் பதினாறு குழி. நூற்று அறுபதைக் கழித்து, மூவாயிரத்து நானூற்று எண்பது என்றாள். நான் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். நடக்கும்போதே எனக்குத் தெரியும். இன்னொரு நூற்று அறுபது கழிக்க வேண்டும். கையில் சக்கரம் டிக் டிக் என்று எண்ணிக்கொண்டு வந்தது. நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி நடந்தேன்.

தோண்டினோம். கேபிள் நன்றாக இருந்தது. இருபது மீட்டர் முன்னால் தோண்டினோம், பின்னால் தோண்டினோம். ஒன்றும் இல்லை. மணி ரெண்டு ஆனது. போன தடவை மாதிரி இன்னும் பின்னாடி இருக்கலாம் என்று அவள் சொல்ல, எவ்வளவு பின்னாடி, ஏன் பின்னாடி என்று கான்ட்ராக்டர் கேட்டார். காரணம் தெரியாமல் ஓர் இடத்தைச் சொல்ல அவளுக்கு வராது. என் பக்கம் திரும்பினாள்.

"ஒரு குழியத் தொறந்து பாத்துடலாமாண்ணா?"

"மழத்தண்ணி நிக்கும்மா. பாம்பு இருக்கும்."

அதையும் நம்பினாள். எனக்குப் பாம்பு பயம் என்று அவளுக்குத் தெரியும்.

மூணு மணி வாக்கில் அவள் வரப்பில் தனியாக உட்கார்ந்திருந்தாள். மெஷின் மடியில் இருந்தது. வேகத்துக்கான எண்ணை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பெனியே சரி என்று திருப்பிச் சொன்ன எண்ணை, நான் சொன்ன ஒரு பொய்யால், தப்பாக இருக்குமோ என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் எனக்கும் நடுவே முப்பது அடி இருக்கும். அதைக் கடக்க எனக்குக் காலையிலிருந்து அவ்வளவு நேரம் ஆகியிருந்தது.

"இருபது வச்சேம்மா" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள்.

"எல்லாக் குழிலயுமா?"

"எல்லாத்துலயும். பத்து பத்தாதோன்னு பயம்."

திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. என்னைத் திருப்பிச் சொல்லவும் சொல்லவில்லை. அவள் கேட்காமல் விட்டது அந்த ஒரு தடவைதான்.

"வெளிச்சத்துக்கு அதெல்லாம் தெரியாதுண்ணா. வச்சதெல்லாம் சுத்திட்டுதான் வரும்" என்று சொல்லி எழுந்தாள்.

நூற்று அறுபது மீட்டர் பின்னால் போனோம். ஒருத்தர் வாழைக்கொல்லைக்குப் புதுசாகக் கல் நட்டுக் கம்பி வேலி போட்டிருந்தார். நாலாவது கல்லுக்கு அடியில் கேபிள் நசுங்கிக் கிடந்தது. காலையில் அந்தக் கற்களை உரசிக்கொண்டுதான் சக்கரத்தைத் தள்ளிப் போயிருந்தேன். அவள் மண்ணிலேயே உட்கார்ந்து ஒட்டினாள். நாலே முக்காலுக்கு லைன் வந்துவிட்டது.

கான்ட்ராக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காலையில் அங்கே என்றாய், இப்போது இங்கே எப்படி வந்தது என்று கேட்டார். அவள் ஒரு தடவை என்னைப் பார்த்தாள். கண்ணாடிக்குள் வெளிச்சம் அவள் பார்த்த அந்நேரத்தில் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன். நான் சக்கரத்தில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

"குழிக் கணக்குல பிசகு சார். நான்தான் சரியாக் கழிக்கல" என்றாள்.

ரெண்டு தடவை பிசகினவள் மூணாவது தடவையும் பிசகுவாள் என்று சொல்லி, மாசக் கடைசியோடு அவளை நின்றுவிடச் சொன்னார். அந்த மாசம் முடியும்வரை வந்தாள். என்னிடம் எப்போதும் போலத்தான் பேசினாள். கடைசி நாளில் மெஷினைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். என்னைக் கூப்பிட்டு, குழி மூடிலயெல்லாம் ஒருநாள் பெயிண்டால உள்ள எத்தன இருக்குன்னு எழுதிடுங்கண்ணா என்றாள். சரி என்றேன். "திருப்பிச் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். பஸ் வந்தது.

அந்த வாரமே அந்த லைனின் எல்லாக் குழியிலும் மண்ணை ஒதுக்கி, மூடியில் சிவப்பாக 20 என்று எழுதினேன். வேறு என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. கான்ட்ராக்டரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று தினம் நினைப்பேன். சொன்னால் உருளைக் கணக்கு வெளியே வரும், என்னையும் அனுப்புவார், என் பெண்ணின் படிப்பு என்ன ஆகும். போய்ப் போய்த் திரும்பி வந்தேன். நாலு வருசம் போய்விட்டது. இடுப்பும் போய்விட்டது. இப்போது குனிந்தால் நிமிர ஆள் வேண்டும்.

போன மாசம் அதே ஏரிக்கரை லைன் அறுந்தது. இப்போது மெஷின் வைத்திருக்கிறவர் தாடி வைத்த ஆள். வண்டியை விட்டே இறங்க மாட்டார். மூடியில் எழுதியிருப்பதைப் போனில் படம் எடுத்து வரச் சொன்னார், கழித்தார், ஓர் இடத்தைச் சொன்னார். முதல் பள்ளத்திலேயே உடைந்த கேபிள் இருந்தது. கான்ட்ராக்டர் அவர் முதுகில் தட்டினார்.

"மொத அடிலயே புடிச்சான் பாரு. வேலக்காரன்னா இவன்."

நான் சக்கரத்தை வண்டியில் சாய்த்து வைத்தேன். கான்ட்ராக்டரிடம் போனேன்.

"சார், அந்தப் பொண்ணு கணக்கும் சரிதான். அது தப்புப் பண்ணல. நான்தான் குழிக்கு இருபது வச்சிட்டு பத்துன்னு பொய் சொன்னேன்."

அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"எந்தப் பொண்ணு?" என்றார்.

முதலிலிருந்து மறுபடி சொன்னேன். சொல்லிவிட்டு, போகாமல் அங்கேயே நின்றேன்.